குளிரூட்டிய கேமராவுக்குள் பனி: வேக்கம் போடலாமா?

பண்டாரவளை டீச்சர் | 2025 ஜனவரி 5, மாலை 6.10

எங்கள் பாடசாலை வானியல் கழகத்துக்குப் பழைய குளிரூட்டிய கேமரா ஒன்று கிடைத்தது. 8 அங்குலத் தொலைநோக்கியில் பூட்டியிருக்கிறோம். மைனஸ் 10 பாகைக்கு இறக்கினால், அரை மணி நேரத்தில் படத்தின் நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ முளைக்கிறது. பெரிய வானாய்வகங்களில் கேமராவை வெற்றிடத்துக்குள்தானே வைக்கிறார்கள்? ஏசி திருத்துபவரின் பம்பைக் கொண்டுவந்து காற்றை உறிஞ்சிவிட்டால் பனி பிடிக்க வழியே இல்லை என்பது என் வாதம். கேமராவின் பக்கவாட்டில் சிறிய திருகாணி போட்ட துவாரம் ஒன்றும் இருக்கிறது. ஹட்டனில் பிரிஜ் வேலை செய்யும் அண்ணன் என்ன சொல்கிறார்?

ஹட்டன் அண்ணன் | ஜனவரி 5, இரவு 9.40

டீச்சர், பம்பைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர் விட்டம் என்று வைப்போம். பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். உங்கள் ஊர் உயரத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 900 கிராம் அளவுக்கு அழுத்துகிறது. உள்ளே இருக்கிற காற்றை எடுத்துவிட்டால் அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் 17, 18 கிலோ ஏறி உட்கார்ந்துவிடும். வெற்றிடத்துக்கென்றே கட்டிய கலத்தில் தடித்த கண்ணாடி போட்டிருப்பார்கள். உங்களுடையது உலர்ந்த வாயுவை நிரப்பி மூடுவதற்காகச் செய்தது. அந்தத் துவாரமும் அதற்குத்தான்.

முளைப்பது பனிக்கட்டிதான். ஆனால் எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னேர வானத்தை வெள்ளைத் துணி வழியாகப் படம் எடுங்கள். புள்ளிகள் கூர்மையாக, ஓரம் தெளிவாக இருந்தால் பனி சென்சரின் மேலேயே இருக்கிறது. நடுவில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் தெரிந்தால் அது கண்ணாடியில் படிந்த ஈரம். கண்ணாடி சென்சருக்குத் தள்ளி இருப்பதால் அதன் நிழல் கலங்கித்தான் விழும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஜனவரி 6, காலை 5.50

இரவு யோசித்ததில் ஒன்று விட்டுப்போனது. கண்ணாடி தாங்கினாலும் அந்தப் பம்பால் குளிர் மிச்சமாகாது. காற்று குறையக் குறைய வெப்பம் கடப்பதும் குறையும் என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும் வரை, அழுத்தத்தைப் பாதியாக்கினாலும் பத்திலொன்றாக்கினாலும், அது வெப்பத்தைக் கடத்துவது ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு மூலக்கூறு வேறொன்றில் மோதாமல் சுவரிலிருந்து சுவருக்குப் போகும் அளவுக்குக் காற்று அருகிய பிறகுதான் தெர்மோஸ் பிளாஸ்க் வேலை தொடங்கும். சென்சருக்கும் சுவருக்கும் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மில்லிபாரில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். பிரிஜ்காரர் மொழியில் 7 மைக்ரோன். நாங்கள் 500 மைக்ரோனுக்குக் கீழே போனாலே குழாய் காய்ந்துவிட்டது என்று கேஸ் அடிக்கிறோம். புது எண்ணெய் ஊற்றிய நல்ல பம்ப் 20, 30 வரை போகும். அதற்குக் கீழே எங்கள் உலகம் இல்லை.

வானாய்வகக் கலங்களில் மில்லிபாரில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு மிக வேகமாகச் சுழலும் டர்போ பம்ப் வேண்டும்.

இன்னொன்று, மலையில் வேக்கம் போடுகிற எல்லோருக்கும். கொழும்பில் வேலை பழகிவிட்டு ஹட்டனுக்குத் திரும்பிய முதல் மாதம் என் கேஜ் முள் பாதரசக் கணக்கில் 26 அங்குலத்தைத் தாண்டவே இல்லை. 30 வர வேண்டும் என்று இரண்டு தடவை பம்ப் எண்ணெய் மாற்றினேன். பம்பில் ஒரு குறையும் இல்லை. அந்த முள் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். ஹட்டனில் வெளிக்காற்றே 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நுவரெலியாவில் 24. அதற்கு மேல் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஜனவரி 9, இரவு 10.15

டீச்சர் எழுதியிருக்கிறார்: புள்ளிகள் கூர்மையாகத்தான் இருக்கின்றன. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை ஓவன் அடுப்பில் 120 பாகையில் மூன்று மணி நேரம் காயவைத்துப் போட்டார். இரண்டு இரவு சுத்தமாக இருந்தது, மூன்றாம் இரவு பனி திரும்பிவிட்டது.

இந்தக் கணக்கைப் பாருங்கள். கேமராவின் உள்ளறை 100 மில்லிலீட்டர் இருக்கும். 15 பாகையில் முழுக்க ஈரமான மலைக்காற்றை அதில் அடைத்தாலும் அதிலுள்ள தண்ணீர் 1.3 மில்லிகிராம்தான். மைனஸ் 10 பாகையில் பனி பிடிக்காமலிருக்க உள்ளே ஈரப்பதன் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மைனஸ் 20 என்றால் 6 சதவீதம். காய்ந்த ஜெல் ஒரு கிராம் போதும், அதை ஒரே இரவில் செய்துவிடும். உங்களுக்கும் செய்தது. அப்படியானால் மூன்றாம் நாள் வந்த தண்ணீர் நீங்கள் மூடியபோது உள்ளே இருந்தது இல்லை. புதிதாக வந்துகொண்டிருக்கிறது.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ட்ரையரிலிருந்து 3 சதவீத ஈரத்தோடு வரும் தேயிலைத் தூளை ஒரு இரவு மூடாமல் வைத்தால் காலையில் கையில் எடுக்கும்போதே தெரியும், மொறுமொறுப்பு போயிருக்கும். ட்ரையரைக் குறை சொல்லிப் பயன் இல்லை, பெட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

கேமரா மூச்சும் விடுகிறது. ஓடும்போது, சென்சரைக் குளிரவைக்கும் பெல்டியர் தகட்டின் சூடு உடம்பெல்லாம் ஏறும், உள்ளே உள்ள வாயு விரிந்து கொஞ்சம் வெளியே கசியும். விடியப்புறம் நிறுத்துகிறீர்கள். உடம்பு ஆறும், உள்ளே இழுக்கும். நம் மலையில் காற்று மிக ஈரமாக இருக்கும் நேரம் அதுதான். மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தை, ஓ ரிங்கை, சந்தேகிக்கிறேன். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் போதும்.

ஜனவரி 14, பின்னேரம் 3.30

பொங்கல் வாழ்த்துகள். நேற்றுப் போயா, வானமெல்லாம் நிலா வெளிச்சம், படம் எடுக்க வழியில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலம். என் பழைய சி.சி.டி கேமரா மைனஸ் 20-இல் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. விசிறி நின்றது, பெல்டியர் நின்றது, பின்பக்கத்துச் சூடெல்லாம் தகடு வழியாகத் திரும்பி சென்சருக்கு ஓடியது. அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என்ன ஆனதோ என்ற பதற்றத்தில் இஸ்தோப்பிலேயே, மூடுபனிக்குள், கேமராவைத் திறந்துவிட்டேன். சென்சர் இன்னும் குளிராகத்தான் இருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் அதன் மேல் வெள்ளை படர்வதையும், பிறகு அது துளியாகி ஊசிகளுக்கு அடியில் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மாதத்தில் மூன்று ஊசிகள் பச்சை பிடித்துவிட்டன. அந்தக் கேமரா அதன் பிறகு வேலை செய்யவில்லை. இன்றைக்கும் அது அலமாரியில் இருக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை.

அதிலிருந்துதான் பெரிய கருவிகளில் இந்த வேளையில் என்ன செய்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது. அறைக்குள் மிகக் குளிரான இடம் எதுவோ, நீராவி அங்கேதான் போய் உட்காரும். அதனால் குளிரவைக்கும்போது உள்ளே இருக்கிற குளிர்த்தகட்டை முதலில் இறக்குவார்கள். சென்சருக்குச் சின்ன ஹீட்டர் கொடுத்துக் கொஞ்சம் சூடாகவே வைத்திருப்பார்கள். தண்ணீர் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், சென்சரை விட்டுவிடும். சூடாக்கும்போது சென்சர் முதலில், தகடு கடைசியில். தகட்டோடு கரியோ சியோலைட்டோ வைத்திருப்பார்கள். குளிரில் அது மிச்ச வாயுவையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடானதும் எல்லாவற்றையும் கக்கிவிடும். கலம் சூடாகும்போது பம்ப் ஓட வேண்டும் என்பது அதனால்தான். குளிர்விப்பான் நின்றுவிட்டால் திறக்க மாட்டார்கள், உடனே திரும்பக் குளிரவைக்கவும் மாட்டார்கள். முழுக்கச் சூடேற விட்டு, பம்ப் போட்டு, பிறகுதான் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

அண்டவெளியில் வெற்றிடம் சும்மா கிடைக்கிறதே என்று தம்பி ஒருவர் கேட்டார். கிடைக்கிறது, ஆனால் அங்கேயும் இதே தொல்லைதான். ஜப்பானின் சுசாகு செயற்கைக்கோளை 2005 ஜூலையில் ஏவினார்கள். அதன் எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்திருந்தார்கள். கொதித்து வெளியேறிய ஹீலியம் விண்கலத்தை விட்டு ஒழுங்காகப் போகாமல், கலத்தின் காப்பு வெற்றிடத்துக்குள்ளேயே திரும்பி நுழைந்தது. நுழைந்த வாயு வெப்பத்தைக் கொண்டுவந்தது, வெப்பத்தில் இன்னும் ஹீலியம் கொதித்தது. ஒரு மாதத்துக்குள் மொத்தமும் தீர்ந்துவிட்டது. நான் இதைப் படித்த அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை. எத்தனை பேருடைய எத்தனை வருட உழைப்பு.

ஹபிள் தொலைநோக்கியில் 1997-இல் வைத்த நிக்மோஸ் கருவியும் அப்படித்தான். அதைக் குளிரவைக்க வைத்த உறைந்த நைட்ரஜன் விரிந்ததில் கலம் உருக்குலைந்து, தொடக் கூடாத இரண்டு பாகங்கள் தொட்டுக்கொண்டன. அந்த வழியாக வெப்பம் உள்ளே நுழைந்தது. நாலரை வருடம் வர வேண்டிய நைட்ரஜன் 1999 ஜனவரியில் தீர்ந்தது. 2002-இல் விண்வெளி வீரர்கள் போய் நியான் வாயுவில் ஓடும் குளிர்விப்பான் ஒன்றைப் பூட்டி, அதை மறுபடி உயிர்ப்பித்தார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்கிற வேலை அது. அவ்வளவு உயரத்தில் செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஜனவரி 19, மாலை 5.45

டீச்சர் நேற்று ரயிலில் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கவனித்திருப்பார்கள், பாதையின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவை நெருங்கும்போது பையில் உள்ள சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் உப்பி நிற்கும். இந்தக் கேமராவும் 1,900 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கித்தான் வந்திருக்கிறது.

சோதனை இப்படி: துவாரத்தில் தெளிவான ரப்பர் குழாயை மாட்டி, அதை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, உள்ளே மெல்ல ஊதி 20 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு அழுத்தம் கொடுத்தேன். ஊதியது நைட்ரஜன், வாயால் இல்லை. கண்ணாடியின் மேல் 400 கிராம்தான் வரும், பயமில்லை. பின்னேரம் 4.30-க்கு வைத்தேன். இப்போது 16 சென்டிமீட்டர். ஒன்றேகால் மணி நேரத்தில் 4 இறங்கிவிட்டது. ஓ ரிங் கசிகிறது. நாளைக்கு மாற்றிவிடலாம்.

ஜனவரி 20, காலை 6.20

நேற்று எழுதியதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் பார்த்தால், ஸ்டவ் பற்றவைத்ததும் தண்ணீர் ஏறுகிறது. கசிவு எங்கேயாவது திரும்பி ஏறுமா? மூடிய வாயு ஒரு பாகை ஆறினால் ஹட்டனில் அழுத்தம் 3 மில்லிபார் குறையும். அது 3 சென்டிமீட்டர் தண்ணீர். நேற்றுப் பின்னேரம் வெயில் இறங்கி அறை ஆறியிருக்கிறது. நான் அளந்தது அறையின் வெப்பத்தைத்தான். பிரிஜ் குழாயில் 10 பார் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் கைக்கு இந்தச் சின்ன எண்கள் பழக்கம் இல்லை. ஓ ரிங்கின் மேல் இப்போது ஒரு குற்றமும் நிரூபணமாகவில்லை.

ஜனவரி 25, இரவு 8.00

இந்தத் தடவை கேமராவோடு அதே கொள்ளளவுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலையும் அதன் சொந்தக் குழாயோடு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தேன். அறை ஆறினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், சூடானால் சேர்ந்து ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கசிவு. இரவு 9 முதல் காலை 6 வரை வைத்ததில் கேமரா போத்தலை விட 6 சென்டிமீட்டர் கூடுதலாக இழந்தது. கசிவு உண்டு, மிக மெதுவாக.

சவர்க்கார நுரையில் குமிழ் வரவில்லை. இவ்வளவு மெதுவான கசிவுக்கு வரவும் வராது. வேக்கம் கிரீஸை ஓ ரிங்கில் தடவி ஓர் இரவு வைத்தேன், மாற்றமில்லை. அதைத் துடைத்துவிட்டு, கேபிள் உள்ளே நுழையும் இணைப்பானைச் சுற்றித் தடவினேன். கீழிறங்குவது நின்றுவிட்டது. அரை சென்டிமீட்டர்கூட இல்லை.

ஊசிகளைச் சுற்றி ஊற்றியிருந்த பழைய பசை வெடித்திருக்கிறது. கேபிளைப் பிடித்துக் கேமராவைத் தூக்கியிருப்பார்கள் யாரோ. கிரீஸை முழுக்கக் கழுவி, மெதுவாக இறுகும் எப்பொக்சி வைத்துவிட்டேன்.

ஜனவரி 26, காலை 9.10

நைட்ரஜனைக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் நிரப்பிவிட்டால் ஈரம் உள்ளே வரவே முடியாது என்று நேற்று தொலைபேசியில் டீச்சரிடம் சொன்னேன். அவர் இரசாயனம் படிப்பிப்பவர். மெதுவாகத் திருத்தினார். நைட்ரஜன் எவ்வளவு இருந்தாலும் நீராவிக்குத் தன் பங்கு அழுத்தம்தான் கணக்கு. வெளியே 15 மில்லிபார் நீராவி, உள்ளே 1 என்றால், அது ரப்பரின் ஊடாகக்கூட உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். வாயு வெளியே கசிகிற அதே சந்தில் நீராவி எதிர்த்திசையில் நடக்கும். அவர் சொன்னது சரி. அதனால் எவ்வளவு நன்றாக அடைத்தாலும் ஈர உறிஞ்சி தீர்ந்துபோகிற பொருள்தான்.

இன்று நிரப்பினேன். பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள் கேமராவை வைத்து, பையில் உலர் நைட்ரஜனை ஓடவிட்டு, பைக்குள்ளேயே கையை நுழைத்து மூடினேன். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை எதிலும் மாட்டக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நைட்ரஜனுக்கு மணம் இல்லை, மூச்சுத் திணறுவதும் தெரியாது, ஆள் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கே தெரியும்.

பெப்ரவரி 2, இரவு 9.25

ஜனவரி 9-இல் சிலிக்கா ஜெல் போதும் என்றேன். மைனஸ் 10 வரை அது சரி. அதற்குக் கீழே போகிறவர்கள் மொலிகுலர் சீவ் போடுங்கள். சிலிக்கா ஜெல் ஈரமான காற்றில் நிறையக் குடிக்கும், காய்ந்த காற்றில் அதன் தாகம் குறைந்துவிடும். சீவ் மணிகள் காய்ந்த காற்றிலும் விடாமல் இழுக்கும். புதிய பிரிஜ் பில்டர் ட்ரையர் ஒன்றை வெட்டினால் உள்ளே அந்த மணிகள்தான் இருக்கும். டீச்சரின் கேமராவுக்கும் அதைத்தான் போட்டேன். தூள் சென்சரில் விழாதபடி மெல்லிய துணியில் இறுக்கிக் கட்ட வேண்டும். மறுபடி காயவைக்க 250 பாகை வரை வேண்டும், வீட்டு ஓவனில் 120 பாகை போதாது.

எல்லாம் செய்த பிறகும் எப்போதாவது பனி வந்தால் பதற வேண்டாம். யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியிலும் பனி படிந்தது. 2024 மார்ச்சில் முழுவதையும் சூடாக்காமல் ஒளியைப் பிரதிபலிக்கும் ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் மைனஸ் 147-இலிருந்து மைனஸ் 113-க்கு ஏற்றினார்கள், அது போதுமாக இருந்தது. ஹபிளின் இரண்டாம் அகலப்புலக் கேமராவை மாதம் ஒரு தடவை சூடாக்கிப் படிவை விரட்டுவது அன்றாட வழக்கமாகவே இருந்தது. நாம் செய்ய வேண்டியது: நிமிடத்துக்கு ஒன்றிரண்டு பாகையாக மெல்ல ஏற்றி, மூடியபடியே ஒரு நாள் வைத்து, மறுநாள் மெல்ல இறக்குவது. திறக்கவே கூடாது.

பெப்ரவரி 8, இரவு 7.05

மைனஸ் 20 வரை இறக்க வேண்டுமா என்று கேட்ட பதுளைத் தம்பிக்கு: அவசியமே இல்லை. வெளிச்சம் படாதபோதும் சென்சரில் ஊறும் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ 6 பாகைக்கு ஒரு தடவை பாதியாகும். 20 பாகையிலிருந்து மைனஸ் 10-க்கு வந்தால் 32-இல் ஒரு பங்கு. நம் ஊர் இரவே 12 பாகை, கொழும்புக்காரர்களை விடக் குறைந்தது இரண்டு தடவை பாதி நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. மைனஸ் 5-இல் ஈரத்தோடு சண்டையும் குறைவு. அங்கிருந்து தொடங்குங்கள்.

பெப்ரவரி 27, காலை 7.15

நேற்று மகா சிவராத்திரி. பிள்ளைகள் கோயிலில் கண்விழித்துவிட்டு 1 மணிக்கு மேல் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள். நிலா இல்லை. மூடுபனி 11 மணிக்கே இறங்கிப் பள்ளத்தில் படுத்துவிட்டதாம்.

இரவு 8 முதல் 4.30 வரை மைனஸ் 15. மாலையில் எடுத்த வெள்ளைத் துணிப் படத்தையும் விடியப்புறம் எடுத்ததையும் டீச்சர் அனுப்பினார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. 3 மணிக்குத் தெற்கே 35 பாகை உயரத்தில் ஒமேகா சென்டோரி நட்சத்திரக் கொத்து, நடுவில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்து தெரிகிறது. இந்தப் படத்தை எடுத்தவர் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர்.

டீச்சர், கேமராவின் அடியில் ஒட்டுத்தாளில் "ஜனவரி 26" என்று எழுதியிருக்கிறேன், சீவ் போட்ட திகதி அது. அக்டோபர் மழைக்கு முன்னால் ஒரு தடவை யூ குழாயில் மாட்டிப் பார்ப்போம். குழாயையும் போத்தலையும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், இந்தத் தடவை கேமரா ரயில் ஏற வேண்டாம். அதுவரைக்கும் கேபிளைப் பிடித்து யாரும் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.